செல்லூர் சந்தும் நாலு நியூஸ் கேசட்டும்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள் என்று கல்லூரி டீச்சர் கேட்டார். எழுதுகிறேன்.

செல்லூரில் ஒரு லோக்கல் கேபிள் டி.வி. இருந்தது. தறி ஓடும் வீட்டுக்கு மேலே, மாடியில் ஒரே ரூம். கீழே தறிச் சத்தம் ஓயாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் தறி நிற்கும். அந்த அரைமணி நேரத்தில் செய்தி வாசிப்பைப் பதிவு செய்துவிடுவோம்.

நான் அங்கே சேர்ந்தது தெருவில் வயர் இழுக்க. ஒருநாள் கேமராக்காரர் வரவில்லை. முதலாளி என் தோளில் கேமராவைத் தூக்கி வைத்து, "இந்தப் பொத்தானை அமுக்கு, சிவப்பு லைட் எரியுதான்னு பாரு, அம்புட்டுதான்" என்றார். பாடம் அவ்வளவுதான். அதன் பிறகு டி.வி. மூடும்வரை நான்தான் கேமரா.

பெரிய டி.வி.க்காரர்கள் வராத இடங்களுக்கு நாங்கள் போவோம். சாக்கடை அடைப்பு, பள்ளி ஆண்டு விழா, ரேஷன் கடையில் தள்ளுமுள்ளு, மழையில் கண்மாய்த் தண்ணீர் தெருவுக்கு ஏறியது, கண் சிகிச்சை முகாம். இரவு ஏழு மணிக்கு ஓடும். தெருக்காரர்கள் தங்கள் முகம் வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் மறுநாள் டீ வாங்கித் தருவார்கள். வராவிட்டால் வைவார்கள்.

கேசட் விலை கூடுதல். அதனால் வாரத்தில் நாலு நாள்தான் செய்தி, அதற்கு நாலே நாலு கேசட். திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய் ஒன்று என்று சுற்றிவரும். போன வாரத்துச் செய்தி மேலேயே இந்த வாரத்துச் செய்தியைப் பதிவோம். விளம்பரக் கேசட்டை மட்டும் அழிக்கக் கூடாது. அது கடைக்காரர் காசு கொடுத்தது. எது எது என்று குழம்பாமல் இருக்க, செய்திக் கேசட் நாலிலும் என் வீட்டுக்காரியின் நகப்பாலிஷை எடுத்து ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். சிவப்பு என்றால் அழிக்கலாம். வெளியாள் பார்த்தால் தொடாதே என்று நினைப்பான். எங்களுக்கு நேர்மாறு.

டி.வி.யை மூடியபோது முதலாளி ரூமைக் காலி செய்தார். கேசட் ஓட்டுகிற டெக், வயர், மேஜை எல்லாம் விற்றார். கேசட்டை யாரும் வாங்கவில்லை. "நீயே கொண்டு போ" என்றார். விளம்பரம், கோயில் விழா, பாட்டு என்று எல்லாம் சேர்த்து எட்டுச் சாக்கு. திருப்பரங்குன்றத்தில் என் வாடகை வீட்டுக்கு ஆட்டோவில் கொண்டுவந்தேன். கட்டிலுக்கு அடியில் மூன்று, சமையல்கட்டு மேல் பரணில் ஐந்து. அப்படியே பல வருஷம் கிடந்தன. நான் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போனேன்.

கல்லூரி டீச்சர் எப்படியோ விசாரித்து வந்தார். ஊரில் லோக்கல் டி.வி.க்காரர்களும் கல்யாண வீடியோக்காரர்களும் எடுத்ததை எல்லாம் அவர் கல்லூரியில் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறார்களாம். ஒரு டெக், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹார்ட் டிஸ்க் மூன்றையும் என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். கேசட்டைப் போட வேண்டும். ஓடும்போது கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். முடிந்ததும் பேர் எழுத வேண்டும். எனக்கு அது பிடித்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை.

கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. வெள்ளையாகச் சாம்பல் மாதிரி. அதைத் துடைக்காமல் போட்டால் டெக் கெட்டுவிடும். பழைய வேட்டித் துணியை வைத்து, கேசட்டைக் கையால் சுற்றிச் சுற்றித் துடைப்பேன். பிறகு போடுவேன். நிகழ்ச்சி முடிந்து திரையில் புள்ளி பறந்ததும் நிறுத்திவிடுவேன். அடுத்தது.

மூன்று சாக்கு முடிந்தது. வீட்டுக்காரி கேட்டாள். "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீகள்ல? இன்னும் எதுக்கு இந்தக் குப்ப? மழக்காலத்துல இதுக்குள்ள பூரான் கெடக்கு."

சரி என்று பட்டது. அந்த மூன்று சாக்கையும் பழைய சாமான் வண்டிக்காரரிடம் போட்டேன். அவர் கப்பலூரில் பிளாஸ்டிக் அரைக்கிற கம்பெனிக்குக் கொடுப்பவர். டீச்சரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் நூல் சாயம் ஒட்டியிருந்தது. டீச்சர் முகவரி கொடுத்ததாகச் சொன்னார். செல்லூரில் நூல் சுற்றுகிறவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"அண்ணே, கேமராவத் தூக்கிட்டு எங்க சந்துக்கு வந்தது நீங்கதான?"

"எந்தச் சந்துமா?"

"கொழா தொறந்தாகள்ல? கவுன்சிலர் வந்தாருல்ல? நீங்க எங்க வீட்டுப் படியில ஏறி நின்னு எடுத்தீக. எங்க மாமியா காபி குடுத்தாக. சூடா இருக்குன்னு படியிலயே வச்சுட்டு மறந்து போயிட்டீக."

காபி நினைவில்லை. குழாய் நினைவிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். அன்றைக்கு அந்தக் கவுன்சிலர் ஒரே நாளில் ஏழு இடத்தில் திறப்பு விழா வைத்தார். சாக்கடை மூடி, தெருவிளக்கு, படிப்பகம் என்று. சந்துக் குழாய் கடைசி. எல்லாருக்கும் கால் வலி.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னார்.

அவர் வீடு சந்தின் கடைசி. சந்தின் முகப்பில் இருக்கிற முன்வீட்டுக்காரர், அந்தச் சந்து தன் இடம் என்று இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். இவர்கள் பின்பக்கம் சாக்கடை மேல் பலகை போட்டுப் போய்வருகிறார்கள். நூல் மூட்டையைத் தலையில் வைத்துப் பலகையில் நடக்கலாம். ஆனால் இவர் கணவருக்கு வண்டியிலிருந்து விழுந்து காலில் பிளேட் வைத்திருக்கிறது. வாரம் ஒருதரம் ஆஸ்பத்திரி. ரெண்டு பேர் தூக்கித்தான் பலகையைத் தாண்ட வேண்டும். போன வாரம் தூக்கியவர்களில் ஒருத்தருக்குக் கால் வழுக்கிவிட்டது.

"விழுந்தாரா?"

"விழல. ஆனா இனிமே ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்கிறாரு. வீட்லயே கெடக்கேன்ங்கிறாரு."

மாநகராட்சி ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை ஆபீசர் இடம் பார்க்க வருகிறார். சந்து பொது என்பதற்கு ஏதாவது காட்டச் சொல்லியிருக்கிறார். அங்கே பொதுக்குழாய் இருந்தது. ரோட்டை உயர்த்திப் போட்டபோது பிடுங்கிவிட்டார்கள். காகிதம் எதுவும் கிடைக்கவில்லை.

"கொழாயே இருந்ததில்லன்னு மொகத்துக்கு நேரா சொல்றாருண்ணே. நான் பத்து வருசம் அதுல தண்ணி பிடிச்சிருக்கேன்."

நான் உள்ளதைச் சொன்னேன். "செய்தியெல்லாம் அடுத்த வாரமே அழிச்சிருவோம்மா. இருக்காது."

அவர் சாக்குகளையே பார்த்தார். "இம்புட்டு வச்சிருக்கீகளே" என்றார். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வேலையைத் தொடர்ந்தேன். ஒரு ஜவுளிக்கடை விளம்பரக் கேசட். ஓடி முடிந்தது. புள்ளி பறந்தது. அந்த நேரம் கேஸ் சிலிண்டர் வந்தது. நிறுத்தாமல் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தால் டி.வி.யில் ஆள் பேசுகிற சத்தம். கண் சிகிச்சை முகாம். வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட கிழவர்கள். பொட்டு வைக்கிற வழக்கம் வருவதற்கு முன்னால், விளம்பரம் பதியாதபோது அந்தக் கேசட்டில் இருந்த செய்தி அது. விளம்பரம் சின்னது. பழையது நீளம். மேலே எழுதியது போக மிச்சம் வால் மாதிரி கடைசியில் கிடக்கிறது.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்தக் காலத்தில் செய்தி முடிந்ததும் பொத்தானை அமுக்க மறந்தால் போன வாரத்துச் செய்தி ஓட ஆரம்பித்துவிடும். முதலாளியிடம் எத்தனையோ தரம் திட்டு வாங்கியிருக்கிறேன். தெரிந்தும் மூன்று சாக்கை வால் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

உட்கார்ந்து யோசித்தேன். ஏழு திறப்பு விழா. அன்றைய செய்தி ஒரு மணி நேரம் ஓடியது. மற்ற நாள் இருபது நிமிஷம்தான். குழாய் கடைசி. அப்படியானால் பின்னால் பதிந்த எதுவும் அவ்வளவு தூரம் போயிருக்காது. குழாய் இருந்தால் சிவப்புப் பொட்டுக் கேசட்டில்தான் இருக்க வேண்டும்.

மிச்சம் ஐந்து சாக்கையும் தரையில் கொட்டினேன். சிவப்புப் பொட்டு ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று எனக்கே தெரியும். பொட்டு வைத்தது உருப்படியாக ஒன்றும் இல்லாத கேசட் என்று அந்த மூன்று சாக்கிலேயே அள்ளிப்போட்டு, முதலில் முடித்து, முதலில் அனுப்பினேன்.

வீட்டுக்காரி வந்து பார்த்தாள். "நான் சொன்னதுனாலயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான்தான் தூக்கிப் போட்டேன்.

சனிக்கிழமை பஸ் ஏறிக் கப்பலூர் போனேன். கம்பெனி வாசலில் சூபர்வைசர் நின்றார். சின்ன வயசு. விஷயத்தைச் சொன்னேன்.

"கேசட்டா? அத நேரா அரைக்க முடியாதுண்ணே. டேப்பு பிளேடுல சுத்திக்கிரும். பொம்பளையாளுக ஒடச்சு, டேப்ப உருவிப் போட்டுட்டு, ஓட்ட மட்டும்தான் மிசின்ல போடுவாக. ஒங்க சாக்கு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பின்னாடி போய்ப் பாருங்க."

பின்னால் தகரக் கொட்டகை. நாலு பெண்கள் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் கறுப்பாக டேப் குவிந்து கிடந்தது. இரண்டு டிராக்டர் டயர் உயரம்.

"இங்க சிவப்புப் பொட்டு வச்ச கேசட் பாத்தீகளா?" என்றேன்.

ஒரு பெண் நிமிர்ந்தார். "என்னண்ணே, ஒங்க கல்யாணக் கேசட்டா? இப்பத்தான் தேடி வாரீக?"

"இல்லம்மா. நியூஸ்."

"நியூசத் தேடி யாரு வருவா? கல்யாணக் கேசட்டுத்தான். அண்ணி வெரட்டி விட்டுருக்காக."

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தர், "ரெண்டு சாக்கு ஒடச்சாச்சுண்ணே. டேப்ப மேக்க சோளக்காட்டுக்காரக வந்து அள்ளிட்டுப் போயிட்டாக. காட்டுல இழுத்துக் கட்டுனா காத்துக்கு உய்ங்னு சத்தம் போடும்ல, குருவி வராது" என்றார்.

கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் நடந்த தெருவெல்லாம் இப்போது யாரோ ஒருவருடைய சோளக்காட்டில் குருவி விரட்டுகிறது. அதற்கு என்ன செய்ய?

"மூணாவது சாக்கு?"

அந்தா, என்று கையைக் காட்டினார். கட்டு அவிழ்க்காமல் சுவரோரம் கிடந்தது. என் வீட்டுச் சாக்குதான். அரிசிக் கடைப் பேர் போட்டது. கொட்டினேன். அந்தப் பெண்களும் சுத்தியலை வைத்துவிட்டு வந்து தேடினார்கள். முதலில் கிண்டல் செய்தவர்தான் முதல் பொட்டைக் கண்டுபிடித்தார். "இதுவாண்ணே? யாரோ பொம்பளப்புள்ள நகத்துக்கு வக்கிற சாயத்தப் போயி இதுல வச்சிருக்கா."

"என் பொண்டாட்டியோடது."

"நாந்தான் சொன்னேன்ல, கல்யாணக் கேசட்டுன்னு!"

இரண்டு கிடைத்தன. மற்ற இரண்டும் சோளக்காட்டுக்குப் போன சாக்குகளில் போயிருக்க வேண்டும். முழுச் சாக்கையும் திரும்பக் கேட்டேன். எடையைப் பார்த்து ஈடாக ஏதாவது கொண்டுவந்து போடச் சொன்னார் சூபர்வைசர். வீட்டில் உடைந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதைக் கொண்டுவந்து போடுகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். ஆசை காட்டவில்லை. "ரெண்டு கேசட் இருக்கு. இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்றேன். உடனே வந்துவிட்டார்.

முதல் கேசட்டில் பிறந்தநாள் வாழ்த்து. கடைசி நாட்களில் செய்திக் கேசட்டில் வாழ்த்தும் பதிந்தோம். ஒரு வயசுப் பிள்ளைகள் படம், அத்தை மாமா பேர், பாட்டு. நாற்பது நிமிஷம். பிறகு புள்ளி. பிறகு ஒரு கட்சிக்காரர் பேட்டி. அத்தோடு கேசட் முடிந்தது. அந்தப் பெண் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பார்த்தார்.

இரண்டாவதில், முன்பு நான் துடைக்காமல் விட்ட பின்பகுதியில் பூஞ்சை கூடுதல். சுற்றிச் சுற்றித் துடைக்க மதியம் ஆகிவிட்டது. அதிலும் வாழ்த்து. பிறகு ரேஷன் கடைச் செய்தி. புள்ளி. பிறகு தெருவிளக்குத் திறப்பு, பாதியில் இருந்து. கவுன்சிலர் மாலையோடு நிற்கிறார். தெருவிளக்கு ஆறாவது.

அடுத்துச் சந்து வந்தது.

படம் ஆடியது. ஓரத்தில் கோடு ஓடியது. ஆனால் தெரிந்தது. சந்தின் நடுவில் குழாய், சுற்றிலும் குடம். கடைசியில் அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவு. யாரோ ஒருவர் கேமராவுக்கு முன்னால் வந்து நிற்கிறார். பின்னாலிருந்து என் குரல் கேட்கிறது. "அண்ணே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. சந்து மறைக்குது."

அவர் ஓரமாகப் போகவில்லை. மைக்கைப் பிடித்து வாயருகே இழுத்துக்கொண்டார். "எங்க சந்துல அம்புட்டு வீட்டுக்காரங்களும் இனிமே இங்கனதான் தண்ணி பிடிப்போம். எல்லாருக்கும் பொதுவா வச்சுக் குடுத்த கவுன்சிலருக்கு நன்றி."

அந்தப் பெண் எழுந்து டி.வி. பக்கத்தில் போனார். "அண்ணே, இவருதான். முன்வீட்டுக்காரரு."

அப்போது அவருக்குத் தலை நிறைய முடி.

கம்ப்யூட்டரில் ஏற்றி, அவர் போனிலும் போட்டுக் கொடுத்தேன். கேசட்டை நான் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை தூக்கிப் போடவில்லை.

வியாழக்கிழமை என்னையும் வரச் சொன்னார். போனேன். ஆபீசர் வந்தார். சர்வேயர் வந்தார். கேட் முன்னால் கூட்டம். அந்தப் பெண் போனைக் காட்டினார். ஆபீசர் இரண்டு தரம் பார்த்தார். முன்வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

அவர் பார்த்தார். முகம் மாறவில்லை. "சார், இப்பல்லாம் ஏஐயில எவன வேணும்னாலும் பேச வைக்கிறாங்க. பிரதமரே பாட்டுப் பாடுறாரு. இதப் போயி நம்புறீங்களா?"

கூட்டத்தில் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார். "அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கும்மா. இத மட்டும் வச்சு நான் எழுத முடியாது" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

நான் கூட்டத்தை விலக்கி முன்னால் போனேன். "சார், ஒரிஜினல் கேசட் எங்கிட்ட இருக்கு. எடுத்தவன் நான்தான்."

"எங்க இருக்கு?"

"வீட்ல. திருப்பரங்குன்றம். போயிட்டு வாரேன், ஒரு மணி நேரம் குடுங்க."

ஆபீசர் மணி பார்த்தார். பக்கத்துத் தெருவில் இன்னொரு மனு இருக்கிறது, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

ஆட்டோ பிடித்தேன். கேசட், டெக், வயர். டி.வி.க்கு அந்தப் பெண் வீட்டுப் பழைய பெட்டி டி.வி. போதும் என்று சொல்லியிருந்தார்கள். டெக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாலத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் டிரைவரைத் திட்டினேன். அவர், "என்னண்ணே, உள்ள புள்ளத்தாச்சியா இருக்கு?" என்றார்.

கேட் பூட்டியிருந்ததால், டி.வி.யைப் பின்பக்கம் பலகை வழியாக எடுத்து, சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். டீக்கடையிலிருந்து கரண்ட் இழுத்தோம். ஸ்டூல் மேல் டி.வி., அதன் மேல் டெக். ஆபீசர் கேசட்டை வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். மூடியைத் தூக்கி டேப்பைப் பார்த்தார்.

"இது என்ன சிவப்பு?"

"நகப்பாலிஷ் சார். அழிக்கலாம்னு அடையாளம்."

"அப்ப ஏன் அழியல?"

வாலைப் பற்றிச் சொன்னேன். புரிந்ததா தெரியவில்லை. போடுங்கள் என்றார்.

நான் நேராகக் குழாய்க்கு ஓட்டவில்லை. தெருவிளக்கிலிருந்தே போட்டேன். தெருக்காரர்கள் ஒவ்வொரு முகமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். இவர் இறந்துபோனார், இந்தப் பிள்ளை இப்போது துபாயில், இது நம்ம தறிக்காரர். குழாய் வந்தது. என் குரல் வந்தது. பிறகு அவர் குரல்.

டீக்கடைக்காரர் சத்தமாகச் சொன்னார். "ஏப்பா, ஏஐக்கு ஒன் பழைய சட்டையெல்லாம் எப்படித் தெரியும்? அந்தக் கட்டம் போட்ட சட்டைய நீ மூணு வருசம் போட்டல்ல?"

முன்வீட்டுக்காரர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர் குடத்தைக் குனிந்து வைக்கிறார். அது அவருடைய அப்பா என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

படம் முடிந்ததும் ஆபீசர் குழாய் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னார். கேட்டைத் திறக்க வேண்டியிருந்தது. முன்வீட்டுக்காரர் உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்தார். சர்வேயர் அளக்கிற டேப்பைப் பிடித்தார். ஆபீசர் நின்றபடியே எழுதினார். என்னிடம் பேர், வயது, தொழில் கேட்டார். தொழில் என்ன போட என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வாட்ச்மேன் என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். கேசட்டை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்றார். ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

உத்தரவு வர மாதக் கணக்காகலாம் என்றார் ஆபீசர். அதுவரை கேட்டைப் பூட்டக் கூடாது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். முன்வீட்டுக்காரர் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

டெக்கை ஏற்ற வந்த ஆட்டோ தெருவில் நின்றது. அந்தப் பெண் ஆட்டோக்காரரிடம், உள்ளே கடைசி வீடு வரை வர முடியுமா என்று கேட்டார். அன்றைக்கு அவர் கணவருக்கு ஆஸ்பத்திரி நாள். ஆட்டோக்காரர் சந்தை எட்டிப் பார்த்தார். "வரும்க்கா. திருப்ப எடமில்ல, ரிவர்ஸ்ல போனாத்தான் உண்டு" என்றார்.

நான் சந்தின் கடைசியில் நின்று கையைக் காட்டினேன். வா, வா, இடது பக்கம் ஒடி, வா. ஆட்டோ பின்னாலேயே வந்து அவர்கள் வாசற்படியை ஒட்டி நின்றது.

அந்தப் பெண் உள்ளே பார்த்துத் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். உள்ளேயிருந்து கணவர் ஏதோ கேட்டார். அவர் மறுபடியும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. தூக்க யாரும் தேவைப்படவில்லை. படியில் இறங்கி, ஆட்டோவின் கம்பியைப் பிடித்து, தானே ஏறி உட்கார்ந்தார்.